கடைசிப் பாத்திக்குத் தண்ணீர்

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாங்கள் குடியேறிய பிளேஸ்டோவில் நான் படித்த பள்ளிக்கூடத்தில், வெளியே மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில், டீச்சர் எங்களுக்கு ஒரு பாலைவனக் கிராமம் செய்து தந்தார். நீளமான மரத்தட்டு, இரண்டு பக்கமும் களிமண் மலை, நடுவே மணல் பள்ளத்தாக்கு. அதில் மேலிருந்து கீழாக ஐந்து பாத்திகள், மேசைக்கு ஒன்று. கிரெஸ் என்ற கீரையின் விதை போட்டோம். ஒரு நாளைக்கு ஒரு குவளைத் தண்ணீர், அதுவும் வாய்க்காலின் மேல் முனையில்தான் ஊற்றப்படும். விளைந்ததைப் பெற்றோர் வந்து பார்ப்பார்கள்.

எங்கள் பாத்தி கடைசி. மேல் பாத்திக்காரன் ஒரு தடியன். பிளாஸ்டிசின் களியால் வாய்க்காலை அடைத்து, முழுத் தண்ணீரையும் தனக்கே விட்டுக்கொண்டான். அவன் பாத்தி பச்சைப்பசேலென்று நிற்க, எங்கள் முளைகள் கருகின. டீச்சரிடம் சொன்னேன். பள்ளத்தாக்கின் கடைசியில் வாழ்வது அப்படித்தான் இருக்கும், அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுது என்றார். கட்டுரை எழுதினால் கிரெஸ் முளைக்குமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யாழ்ப்பாணத்தில் பங்குக் கிணற்றுக்கு முறை உண்டு, இன்றைக்கு ஒருவர் இறைத்தால் நாளைக்கு மற்றவர் என்று, எங்களோடு தங்கியிருந்த சித்தப்பா சொல்லக் கேட்டிருந்தேன். மறுநாள் அடைப்பைப் பிடுங்கி எறிந்தேன். மேல் பாத்தியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, இன்று எங்கள் முறை என்றேன். விளையாட்டு மணி அடித்தது. சாப்பாட்டு மணியும் அடித்தது. கை விறைத்து அழுகை வந்தது, அழுதுகொண்டே பொத்தியிருந்தேன்.

கடைசியில் மேசைக்கொரு நாள் என்று டீச்சர் சுவரில் பட்டியல் ஒட்டினார். கூடவே அப்பாவுக்கு ஒரு கடிதமும் தந்துவிட்டார்.

அதை வாசித்த அப்பா கொதித்தார். "படிக்கப் போன இடத்திலை தண்ணிக்குச் சண்டையோ? நாளைக்குப் போய் மன்னிப்புக் கேள்."

"ஏலாது. இண்டைக்கு எங்கடை முறை. அவன்தான் களவெடுத்தவன்."

அப்பா கையை ஓங்கினார். சித்தப்பா குறுக்கே வந்து நின்றார்.

"பிள்ளையிலை கை வையாதேங்கோ அண்ணை. அவள் செய்தது சரி. நானும் அண்டைக்கு வாய்க்காலுக்கை இறங்கி நிண்டிருக்க வேணும்."

ஓங்கிய கை இறங்கியது. அப்பா கோட்டை மாட்டிக்கொண்டு, ஒரு மணித்தியாலம் முந்தியே ஷிப்டுக்குப் போய்விட்டார்.

மன்னிப்பு நான் இன்றுவரை கேட்கவில்லை. அப்பா எனக்குப் பயந்துதான் போனார் என்று நினைத்து அன்று வீடு முழுக்கத் துள்ளித் திரிந்தேன். ஊரில் அந்தக் கிணற்றுக்குப் பங்காளிகள் அப்பாவும் சித்தப்பாவும் மட்டுமே என்பதோ, மேல் தோட்டம் அப்பாவுடையது என்பதோ எனக்கு அப்போது தெரியாது.