மயில் கழுத்து வண்டி

இரண்டே சீட் உள்ள காரை வாங்கியவனைக் காஞ்சிபுரத்தில் எப்படிப் பார்ப்பார்கள் என்பது வாங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. திருடனைக்கூட யாரும் இத்தனை கேள்வி கேட்கமாட்டார்கள். "மீதிப் பேரு எங்க குந்துவாங்க?" எல்லோருக்கும் இதே கேள்விதான். எந்த மீதிப் பேர் என்று திருப்பிக் கேட்டால், பெற்ற தாயை நடுரோட்டில் இறக்கிவிட்டுப் போனவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

எங்கள் வீட்டில் பட்டுப் புடவைத் தொழில். தறிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். நெடுக்கே ஓடும் எந்தப் பாவுக்குக் குறுக்கே எந்த ஊடை, எந்த உடலுக்கு எந்த பார்டர் என்று நிறம் சொல்வது என் மனைவி. அவள் ஒரு நிறத்தைச் சரியில்லை என்று சொல்லிவிட்டால் சாயப்பட்டறைக்காரர் வாயைத் திறக்கமாட்டார். நானும் திறக்கமாட்டேன்.

கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அவளும் நானும் மட்டுமாக எங்கேயும் போனதே இல்லை. புதுசில் ஊட்டிக்குக் கிளம்பினோம். கூடவே என் அக்கா வந்தாள். அக்காவின் பிள்ளைகள் வந்தார்கள். வழியில் பிள்ளைகளுக்குக் காதுகுத்துப் பேச்சு வந்தது, வண்டியைத் திருத்தணிக்குத் திருப்பினார்கள். இன்றுவரை நாங்கள் ஊட்டியைப் பார்க்கவில்லை.

அக்காவைக் குறை சொல்லவில்லை. எங்களுக்கு ஒன்றென்றால் முதலில் ஓடிவருகிறவள் அவள்தான். ஆனால் எங்கள் தெருமுனையில் குடியிருக்கிறாள். எங்கள் வீட்டிலிருந்து எந்த வண்டி கிளம்பினாலும் அதில் ஓர் ஆள் இடம் மிச்சமிருப்பதை அவள் எப்படியோ மோப்பம் பிடித்துவிடுவாள். அக்கா வாயைத் திறப்பதற்கு முன்பே என் மனைவி "ஏறிக்கோங்க அண்ணி" என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் ஒண்டிக்கொள்வாள். பாதி சீட்டில் உட்கார்ந்தே அவள் தமிழ்நாட்டுக் கோயில்களில் பாதியைப் பார்த்துவிட்டாள்.

இந்த நிலையில்தான் ஆற்காட்டில் ஒரு தோல் வியாபாரியின் ஷெட்டில் அந்தக் காரைப் பார்த்தேன். சீமையில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். நீண்ட மூக்கு, இடுப்புயரம்கூட இல்லாத உடம்பு, கூரைக்குப் பதிலாகக் கிழிந்த ஒரு துணி. உள்ளே கோழிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. "நல்லா யோசிச்சிக்கோங்க. இதுல ரெண்டு பேருதான் போவ முடியும்" என்று பாய் எச்சரித்தார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் வாங்கினேன். ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் 'இன்வெஸ்ட்மென்ட்' என்று சொன்னேன். பெண்டாட்டியைத் தனியாக வெளியே கூட்டிப்போக ஒருவன் கார் வாங்கினான் என்று தெரிந்தால் எங்கள் தெருவில் அப்புறம் குடியிருக்க முடியாது.

கார் ஊருக்குள் வந்த விதமும் நன்றாக இல்லை. தார்ப்பாய் போர்த்தி மினி லாரியில் ஏற்றி வந்தோம். ராஜ வீதியில் சாமி புறப்பாடு. திரும்பவும் வழியில்லை, நிற்கவும் விடவில்லை. சாமிக்குப் பின்னாலேயே ஊர்ந்தோம். "பின்னாடி மூடி வச்சிக்கினு வர்றது இன்னா வாகனம்?" என்று ஒரு அம்மா கேட்டாள். டிரைவர் என்ன சொல்லித் தொலைத்தாரோ, அவள் தார்ப்பாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் ஒற்றிக்கொண்டார்கள். நான் இருக்கையில் சரிந்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

மெக்கானிக், ஊர் ஷேர் ஆட்டோக்களுக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பவர். காரைச் சுற்றி வந்தார், அடியில் படுத்துப் பார்த்தார், எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "கவலையே படாதீங்கண்ணா. டிக்கிய அறுத்துட்டு ஒரு பெஞ்ச் அடிச்சிடலாம். மூணு பேரு தாராளமா குந்தலாம்." எஞ்சின் ஓடவில்லை. பிரேக் பிடிக்கவில்லை. தரைத் தகட்டின் ஓட்டை வழியாக ரோடு தெரிந்தது. அவர் கண்ணில் பட்ட ஒரே ரிப்பேர், சீட் குறைவு.

பெஞ்ச் வேண்டாம் என்று நல்லபடியாகச் சொன்னேன். ஒரு மழைக்காலம் முழுக்க வேலை நடந்தது. கிடைக்காத சாமான்களுக்காக நான் சென்னைப் புதுப்பேட்டையில் கடைகடையாக ஏறி இறங்கினேன். ஒருநாள் போய்ப் பார்த்தால் டிக்கிமேல் சாக்பீஸால் அளவுக்கோடு போட்டு, பக்கத்தில் கட்டிங் மெஷினையும் எடுத்து வைத்திருக்கிறார். கோபத்தில் நான் போட்ட கூச்சலுக்கு அந்தத் தெருவே வெளியே வந்து நின்றது. "உங்க நல்லதுக்குத்தாண்ணா" என்றார். "நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா குடும்பத்தோட எப்படிப் போவீங்க?" எப்படிப் போவோம்? வழக்கம்போல வேறு வண்டியில் எல்லோரும் இடித்துக்கொண்டுதான் போவோம். கோட்டை என் கையாலேயே துடைத்துவிட்டு வந்தேன்.

அவரால் செய்ய முடியாமல் போனது ஹாரன் மட்டும்தான். பழையது செத்துவிட்டது என்று ஷேர் ஆட்டோ ஹாரனையே மாட்டிவிட்டார். அதன் விளைவை முதல் நாளே பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு ஓரமாகப் போகும்போது ஹாரன் அடித்தேன். ஒரு கும்பல் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தது. "ஐயம்பேட்டையா? ஐயம்பேட்டையா?" எஞ்சின் சத்தத்துக்கு மேல் நான் இல்லை இல்லை என்று கத்திக்கொண்டே போனேன். அப்படியும் ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் கூடவே ஓடிவந்தார்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். "தாமல் ஏரி வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம். நாம ரெண்டு பேரு மட்டும்."

அவள் கையிலிருந்த நூல் கண்டைக் கீழே வைத்தாள். "ரெண்டு பேரு மட்டுமா? பாக்கறவங்க இன்னா நினைப்பாங்க?"

"இன்னா நினைப்பாங்க? புருசன் பொண்டாட்டின்னு நினைப்பாங்க."

"அண்ணி தெருமுனையில நின்னா இன்னான்னு சொல்றது? எடம் இல்லன்னா சொல்றது? என் வாயால அது வராதுங்க."

நான் விடவில்லை. தினமும் கேட்டேன். தொல்லை தாங்காமல் ஒருநாள் சொன்னாள்: "என் நிச்சயதார்த்தப் பொடவை கலர்ல வண்டி வரட்டும். அன்னிக்கே ஏறிடறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அந்தப் புடவை மயில் கழுத்து. நீலப் பாவில் பச்சை ஊடை ஓட்டி நெய்தது. இப்படிப் பார்த்தால் நீலம், அப்படித் திருப்பினால் பச்சை. இரண்டு நூல் ஒன்றுக்கொன்று குறுக்கே ஓடினால் வரும் நிறம் அது. டப்பாவில் அடைத்து எவனும் விற்பதில்லை. அவளுக்குத் தெரியாதா? நிறத்திலேயே பிழைப்பவள். வரமாட்டேன் என்பதைத்தான் மரியாதையாகச் சொல்லியிருக்கிறாள். எனக்கு அது நிஜமாகவே வலித்தது. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

இருந்தாலும் பீரோவைத் திறந்து புடவையை எடுத்துக்கொண்டு போனேன். லாரிகளுக்குப் பெயின்ட் அடிப்பவர் ஒருவரிடம் கொடுத்து, "இதே கலர் வேணும்" என்றேன். ஒரு லாரிக்குப் பட்டி பூசிக்கொண்டிருந்தவர் ஓரக்கண்ணால் பார்த்து, "அடிச்சிடலாம் சார், இதுல இன்னா இருக்குது" என்றார். அந்த நம்பிக்கையைப் பார்த்தே நான் பயந்திருக்க வேண்டும். புடவையைப் பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டப் போனார். ஆணியா என்று அலறி, கயிற்றில் போடச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த வாரம் தறியில் புதுப் பாவு பிணைத்தோம். என்னால் அந்தப் பக்கம் போகவே முடியவில்லை.

நடந்தது இதுதான். பெயின்டர் காலை வேளையில் புடவையைப் பார்த்திருக்கிறார். கிழக்கு வெயிலில் அது நீலம். வண்டியின் பாதியைப் பேப்பர் ஒட்டி மறைத்துவிட்டு வலது பக்கம் முழுக்க நீலம் அடித்தார். அடித்த பக்கத்தின்மேல் பேப்பரை ஒட்டி மூடினார், மறுநாள் காய்ச்சலில் படுத்துவிட்டார். மீதி வேலைக்கு அவர் மச்சான் வந்தான். அவன் சாயங்காலம்தான் வந்தான். மேற்கு வெயிலில் புடவையைப் பார்த்தான். பச்சை. இடது பக்கம் முழுக்கப் பச்சை.

காய்ச்சல் விட்டுப் பெயின்டரும் வந்த பிறகு என் முன்னால்தான் பேப்பரை உரித்தார்கள். மூக்கிலிருந்து வால் வரை நேர்கோடு. ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் பச்சை. பெயின்டர் மச்சானைத் திட்டினார். மச்சான் பெயின்டரைத் திட்டினான். நான் இருவரையும் திட்டினேன். பெயின்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. கயிற்றில் கிடந்த புடவையைக் காட்டி, "என்னைத் திட்டாதீங்க சார். இந்தப் பொடவைய நிக்க வச்சிக் கேளுங்க, அது இன்னா கலருன்னு" என்றார்.

மறுபடி அடித்துத் தருவதாகச் சொன்னார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. புடவையை மடித்துப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓட்டினேன். ஆறு மாதம் அலைந்து வாங்கிய அவமானம் இதுதானா என்று நொந்துகொண்டேன். தெருவில் நுழைந்தபோது வலது பக்கத்து வீட்டுக்காரர்கள் "நீலம் நல்லா இருக்குது" என்றார்கள். இடது பக்கத்து வீட்டுக்காரர்கள் "இன்னாது நீலமா? கண்ணு தெரியலையா உங்களுக்கு?" என்றார்கள். நான் போன பிறகும் டீக்கடையில் அது சண்டையாக ஓடியதாம். மறுநாள் காலையில் நான் புடவைக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது போகையில் ஒரு பக்கத்தையும் வருகையில் மறுபக்கத்தையும் பார்த்த அக்கா போன் போட்டாள். "டேய், ரெண்டு காரா வாங்கிக்கினே? ஒண்ணு வாங்கனதுக்கே ஊரு சிரிக்குது!"

அன்று மத்தியானம்தான் என் மனைவி வண்டியைப் பார்க்க வாசலுக்கு வந்தாள். நான் கதவோரம் நின்று, என்னென்ன சொல்லப்போகிறாளோ என்று காத்திருந்தேன்.

அவள் வலது பக்கம் நின்று பார்த்தாள். மெதுவாக முன்பக்கம் வந்தாள், தலையைச் சாய்த்தாள், இடது பக்கம் போனாள். தறியிலிருந்து அறுத்த புடவையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாளே, அதே பார்வை. புடவை அசைவதற்குப் பதிலாக அவள் அசைந்தாள். திரும்பவும் வலது பக்கம் வந்து நின்றாள்.

"இந்தாண்ட நீலம். அந்தாண்ட பச்சை" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வாசல் கதவில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். என்னைக் கேலி செய்கிறாளா என்று முதலில் கோபம் வந்தது. அப்புறம் நானும் சிரித்துவிட்டேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிதாங்க. மயில் கழுத்துதான். சொன்னா சொன்னதுதான்" என்று சொல்லி, இடது பக்கம் போய்க் கார் கதவைத் திறந்தாள்.

உட்காரும்போது பொத்தென்று விழுந்தாள். "இன்னாங்க இது, தறிக்குழியில எறங்கன மாதிரி இருக்குது" என்றாள். காலை நீட்டினாள். இன்னும் நீட்டினாள். "காலு நீட்ட எடம் இருக்குதுங்க!" என்று என்னைப் பார்த்தாள். முழு சீட்டில் அவள் சாய்ந்து உட்கார்ந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தெருமுனையில் அக்கா நின்றிருந்தாள். கையில் பை. "டேய் தம்பி, நிறுத்து நிறுத்து. திருப்புட்குழியில ஒருத்தரப் பாக்கணும், அப்டியே எறக்கி வுட்டுடு." என் கால் பழக்கதோஷத்தில் தானாகவே பிரேக்கை அமுக்கிவிட்டது. கார் நின்றது. அக்கா வந்து கதவின்மேல் கை வைத்தாள். இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் ஊர் சிரிக்க இந்தக் காரை வாங்கினேன், அதை நானே நிறுத்திக் கெடுத்துவிட்டேன்.

என் மனைவி இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் ஓரமாக நகர்ந்தாள். நகர இடமில்லை. கதவு இடித்தது. பின்னால் திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒன்றுமே இல்லை. அக்காவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எடம் இல்ல அண்ணி" என்றாள்.

"கொஞ்சம் தள்ளி குந்துமா, நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன்."

"தள்ளறதுக்கும் எடம் இல்ல அண்ணி. ரெண்டே சீட்டுதான்."

குரல் நடுங்கியது. ஆனால் சொல்லிவிட்டாள். அக்கா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். பிறகு வண்டியின் மூக்கு முதல் வால் வரை பார்த்து, "ஆமா, எங்க இருக்குது எடம்?" என்று அவளே சொல்லிக்கொண்டு கையை எடுத்துவிட்டாள். நான் கியரைப் போட்டேன்.

ஊரைத் தாண்டியதும் என் மனைவி, "அண்ணி கோச்சிக்குவாங்களா?" என்று கேட்டாள். மாட்டாள் என்றேன். "ரொம்ப ஈசியா இருக்குதுங்க சொல்றதுக்கு" என்றாள். திருப்புட்குழி நிறுத்தத்தில் மாடு குறுக்கே வந்தது. ஹாரன் அடித்தேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் கையை நீட்டினார்கள். "எடம் இல்ல!" என்று அவளே கத்தினாள். இந்த முறை குரல் நடுங்கவில்லை. கொஞ்ச தூரத்தில் இன்னொரு கும்பல். மாடு இல்லை, குறுக்கே ஒருவரும் இல்லை. அவள் கையை நீட்டி ஹாரனை அமுக்கினாள். அவர்கள் ஓடிவந்தார்கள். "எடம் இல்ல! எடமே இல்ல!"

தாமலில் ரேடியேட்டர் கொதித்தது. ஆறும்வரை ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தோம். காற்று நன்றாக இருந்தது. தண்ணீரில் நீலமும் பச்சையும் மாறி மாறி வந்தன. அவள் அதைப் பார்த்து ஏதோ பாவு ஊடை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு நிறைந்திருந்தது. போதும், வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்தேன்.

அவள் முதலில் போய் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

"ஐயம்பேட்டை வழியா போலாங்க" என்றாள்.

"அது ஊருக்கு அந்தாண்ட. இங்கேருந்து எதுக்கு அங்க?"

"அங்கதான் ஷேர் ஆட்டோவுக்கு நிறைய பேரு நிப்பாங்க."