அங்கிக்கு உருட்டிய பகடை

ராயப்பராஜ் செய்த பற்கள் திண்டுக்கல் ஊர் முழுக்க மென்றுகொண்டிருக்கின்றன. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் முறுக்கைக் கடித்தால், அந்தக் கடவாய்ப்பல் தன் கைவேலையா என்று இவர் ஓரக்கண்ணால் பார்ப்பார். இவருடையதாகவே இருந்தாலும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. கட்டிய பல் என்று வெளியே தெரியாமல் இருப்பதுதான் நல்ல பல்லுக்கு அழகு. பல் மருத்துவர்கள் அனுப்பும் அளவுகளை வாங்கி, வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, யாரும் கவனித்துவிடக் கூடாத ஒரு பொருளை நாள் பூராவும் கவனமாகச் செய்துகொண்டிருந்தவர். வேலையை நேருக்கு நேர் யாரும் பாராட்டியதில்லை. அதற்காக வருத்தப்படலாம் என்றுகூட அவருக்குத் தோன்றியதில்லை.

பல் அச்சு எடுக்கத்தான் அந்த ரெசின் பிரிண்டரை வாங்கினார். பிசின் மாதிரி ஒரு திரவம் நிறைந்த தொட்டி, கீழிருந்து புற ஊதா வெளிச்சம். வெளிச்சம் பட்ட இடம் மட்டும் ஏடு ஏடாக இறுகி, கம்ப்யூட்டரில் வரைந்த உருவம் தலைகீழாகத் தொங்கியபடி மெல்ல மேலே எழுந்து வரும். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதில் அவருக்கு ஒரு சந்தோசம். அறை முழுக்க அடிக்கும் ஸ்பிரிட் வாடைதான் அவர் மனைவி கிளாராவுக்குப் பிடிக்கவில்லை. "வாரவங்க நீங்க குடிக்கிறதா நெனைக்கப் போறாங்க" என்பாள். குடிக்காத மனிதர், பாவம்.

ஒருநாள், அவரிடம் பல் செய்யக் கொடுக்கும் இளம் டாக்டர் பர்ஹானா அந்த மிசினைப் பார்த்துவிட்டு, "இதுல டைஸ் வருமாண்ணே?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் தோழிகளோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரு கதை விளையாட்டு ஆடுவாராம். கதையில் வரும் வீரன் வாளை ஓங்கினால் அது எதிரி மேல் படுமா படாதா என்பதை இருபது முகமுள்ள பகடைதான் சொல்லுமாம். படித்த பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையை இப்படியும் கழிக்கிறார்கள். ராயப்பராஜ் மிச்ச ரெசினில் ஒன்று செய்து கொடுத்தார். பர்ஹானா அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, "அழகா இருக்குண்ணே" என்றார். அவ்வளவுதான். மனிதர் அன்றைக்கு விழுந்தவர், இன்னும் எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு பெங்களூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் பிள்ளைகள் கேட்க ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு யாளி முகம் போட்டு, இன்னொருவருக்குத் தமிழ் எண்கள் போட்டு. பல்லைத் தேய்த்துப் பழகிய கை, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து ஒவ்வொரு முகமாகத் தேய்த்து மினுக்கியது. கடைசியில் ஒரு சோதனை உண்டு. குண்டான் தண்ணீரில் கல்லுப்பைக் கரையும் மட்டும் கரைத்து, பகடையை அதில் மிதக்கவிட்டுச் சுண்டிவிடுவார். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு முகம் மேலே வர வேண்டும். ஒரே முகம் திரும்பத் திரும்ப வந்தால் உள்ளே எங்கோ காற்று அடைத்துக்கொண்டு ஒரு பக்கம் கனக்கிறது என்று பொருள். அப்படிப்பட்டது எவ்வளவு அழகாக இருந்தாலும் குப்பைக்குத்தான்.

"கண்ணுக்கு நல்லாத்தானங்க இருக்கு" என்பாள் கிளாரா.

"கண்ணுக்கு நல்லாருக்கு. உருட்டுறவனுக்குத் துரோகம்ல" என்பார்.

இதில் உடன்பாடு இல்லாதவர் ஒரே ஒருவர்தான். அது அவரைப் பெற்ற அன்னாள்.

திண்டுக்கல் வெயில் சும்மா கிடைக்கும்போது தனி விளக்கு எதற்கு என்று, கழுவிய பகடைகளைத் தட்டில் பரப்பி மொட்டைமாடியில் வைத்து இறுக்குவது ராயப்பராஜின் வழக்கம். அது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். மோர்மிளகாயைத் திருப்பிப்போட மாடி ஏறிய அன்னாள், தன் மிளகாய்த் தட்டுக்குப் பக்கத்தில் சிவப்பும் பச்சையுமாகப் பகடைகள் காய்வதைப் பார்த்தாள். அதுவரைக்கும் மகன் பல் சம்பந்தமாகத்தான் ஏதோ செய்கிறான் என்று நினைத்திருந்தாள்.

ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த படைவீரர்கள், தையலே இல்லாமல் நெய்த அவர் அங்கியைக் கிழிக்க மனமில்லாமல், யாருக்கு விழுகிறதோ அவனுக்கு என்று அங்கேயே உட்கார்ந்து பார்த்தார்கள். வேதத்தில் சீட்டுப் போட்டார்கள் என்றுதான் இருக்கிறது. ஆனால் அன்னாள் பிறந்த ஊரில், ஆண்டவரின் பாடுகளை நடித்துக் காட்டும் பாஸ்கா நாடகம் பெரிய வெள்ளிக்கிழமை தோறும் நடக்கும். அதில் உருளுவது பகடை. விவரம் தெரிந்த நாளிலிருந்து முன்வரிசையில் உட்கார்ந்து அதைப் பார்த்து அழுதவளுக்கு வேதத்தைவிடப் பாஸ்காதான் நெருக்கம்.

"ஏலே, ஆண்டவர் துணிக்கு உருட்டுன சாமானையா நீ செஞ்சு விக்கிற?"

"வேதத்துல சீட்டுன்னுதாம்மா போட்டுருக்கு."

"எனக்கே வேதம் சொல்லித் தாரியா? அந்தக் கட்டை இருக்குற வீட்டுல எனக்குச் செபம் வராது, அப்பு."

அன்று சாயங்காலமே துணிப்பையைத் தூக்கிக்கொண்டு சின்னாளப்பட்டியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். மோர்மிளகாய் பாதி காய்ந்தபடி மாடியிலேயே கிடந்தது.

ஒரு வருடம் வரவில்லை. தினமும் கிளாராவுக்குப் போன் பண்ணுவாள், "சாப்டானா?" என்று கேட்பாள், மகன் போனை வாங்கினால் வைத்துவிடுவாள். அந்த நேரம் பார்த்து ராயப்பராஜ் உப்புத்தாளும் கையுமாகக் கிளாராவின் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து, காதை மட்டும் அங்கே வைத்துக்கொண்டு எதையோ தேய்ப்பார். அம்மா இல்லாத வீடு அவருக்கு வீடாகவே இல்லை. தலை நரைத்த ஆள் அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, குழம்பில் உப்பு இல்லை என்று கிளாராவிடம் சண்டை பிடித்தார்.

"வீட்டு உப்பெல்லாம் ஒங்க டைஸுதான குடிச்சிருச்சு" என்றாள் அவள். "பேசாம விட்டுத் தொலைச்சிட்டு அத்தையக் கூட்டிட்டு வாங்க."

விடவும் மனசு வரவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஒரு பிள்ளை அழகா இருக்கு என்று சொல்வதைக் கேட்டுப் பழகிவிட்டார். அம்மாவும் வேண்டும், இதுவும் வேண்டும்.

அடுத்த தவக்காலம் பிறந்த கொஞ்ச நாளில் ஆண்டனிராஜ் வந்தார். அன்னாள் பிறந்த ஊரில் உரக்கடை வைத்திருப்பவர், பாஸ்காவை நடத்துபவர், அதில் படைத்தலைவன் வேடமும் அவரே. வழக்கமாக மேடையில் புளியங்கொட்டை அளவுப் பகடை ஒன்றை நான்கு வீரர்களும் உருட்டுவார்கள். யார் கண்ணுக்கும் தெரியாது. என்ன விழுந்தாலும் ஆண்டனிராஜ் "ஆறு" என்று முழங்கி அங்கியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு வசனம் பேசுவார். அந்த வசனம் ஊரில் பிரசித்தம், அதன் நீளமும் பிரசித்தம்.

"இந்த வருசம் கேமரா வச்சு பெரிய திரையில காட்டப்போறோம் தம்பி. எலுமிச்சம்பழம் தண்டி ரெண்டு கட்டை வேணும். ஒண்ணு மத்தவங்களுக்கு. இன்னொண்ணு எனக்கு. எனக்குள்ளது எப்புடி உருட்டுனாலும் ஆறுதான் விழணும். ஒனக்குத்தான் இந்தச் சூட்சுமமெல்லாம் தெரியுமே."

ராயப்பராஜ் உடனே தலையாட்டிவிட்டார். அவர் கணக்கு வேறு. கோயில் காரியத்துக்கே இவர் பகடை போகிறது என்றால் அம்மா இனி என்ன சொல்ல முடியும்? பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட மாட்டாளா?

செய்தி சின்னாளப்பட்டிக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை.

"அந்தக் கட்டையவே செய்யிறானாமேன்னு அத்தை கேட்டாங்க" என்றாள் கிளாரா. "வந்து என் கண்ணால பாக்குறேன்னாங்க."

"கோவமாவா?"

"தெரியல. வச்சுட்டாங்க."

கள்ளப் பகடை செய்வதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. ஆறு இருக்கும் முகத்துக்கு அடியில் கொஞ்சம் வெற்றிடம் விட்டு வரைந்தார், அச்சிட்டார், தேய்த்தார், உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டார். ஆறு. சுண்டிவிட்டார். ஆறு. மறுபடியும் ஆறு. எந்தப் பகடையும் இதுவரை அவர் சொன்னபடி கேட்டதில்லை, இது கேட்டது. உருட்டுகிறவனுக்குத் துரோகம் செய்யாத பகடை என்பது ஒன்றுதான் அவரிடம் இருந்த பெருமை. இதைக் கொண்டுபோய்ச் சிலுவையடியில் வைப்பதா? அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாள்.

அதைக் குப்பையில் போட்டுவிட்டு, ஒரே மாதிரி இரண்டு நல்ல பகடைகள் செய்தார். இதை ஆண்டனிராஜிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லப் பயம். "ஓரத்துல கோடு போட்டது ஒங்களுக்குள்ளதுண்ணே" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார். பகடையில் பொய் வைக்க வராத மனிதருக்கு வாயில் வைக்க வந்துவிட்டது.

பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம், வழிபாடு முடிந்த கையோடு பாஸ்கா தொடங்கியது. அன்னாள் முன்வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். மகனும் கிளாராவும் பக்கத்தில் வந்து நின்றதைத் தெரிந்தும் திரும்பவில்லை. சிலுவை நிமிர்த்தப்பட்டது. வீரர்கள் அங்கியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பலகையில் பகடை உருள, அது பெரிய திரையில் பூசணிக்காய் அளவுக்கு உருண்டது. முதல் ஆளுக்கு ஒன்று. அடுத்தவருக்கு மூன்று. மூன்றாவது ஆள் சோலைமலை, பக்கத்து ஊரில் மல்லிகை போடும் விவசாயி. இந்தக் கோயிலைச் சேர்ந்தவர் இல்லை என்றாலும், உடம்பும் மீசையும் படைவீரனுக்கென்றே அமைந்ததால் வருடா வருடம் கூப்பிடுவார்கள், அவரும் விரதம் இருந்து வருவார். வசனம் கிடையாது. அவருக்கு ஐந்து விழுந்தது.

ஆண்டனிராஜ் கோடு போட்ட பகடையை எடுத்து, கூட்டத்துக்குக் காட்டி, கம்பீரமாக உருட்டினார். இரண்டு.

வாயைத் திறந்தவர் மூடவில்லை. ஆறு என்று முழங்க வழியில்லை. ஊரே திரையில் இரண்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் யாரோ "சோலைமலைக்குல்ல விழுந்திருக்கு" என்றார்கள். நாடகம் கெட்டது, அம்மா கிடைக்கப்போவதில்லை, இந்த ஊர் எல்லையை இனி மிதிக்க முடியாது என்று ராயப்பராஜ் ஒரே நொடியில் முடிவு கட்டிவிட்டார்.

சோலைமலை எழுந்தார். போய் அங்கியை எடுத்தார். எடுத்தவருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. சிலுவையைப் பார்த்தார். அதன் அடியில் மாதா வேடம் போட்டு நின்ற பெண்ணைப் பார்த்தார். பிறகு அங்கியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். கொடியிலிருந்து எடுத்த துணியை மடிப்பது போல மெதுவாக மடித்தார். மாதாவின் முன்னால் போய், இரண்டு கையாலும் நீட்டினார்.

"வச்சுக்க ஆத்தா. ஓம் மகன் துணி."

மைக் அதைப் பிடித்துவிட்டது. மாதா வேடம் போட்ட பெண் அங்கியை வாங்கி நெஞ்சோடு அணைத்து நிஜமாகவே அழுதாள். அன்னாள் முக்காட்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். ராயப்பராஜும் அழுதார். எதற்கென்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

நாடகம் முடிந்ததும் ஆண்டனிராஜ் தலைக்கவசத்தைக் கழற்றாமலே வந்தார்.

"என்ன தம்பி, ரெண்டு விழுகுது?"

ராயப்பராஜ் பதில் சொல்வதற்குள் அன்னாள் திரும்பினாள். "ஏன் ஆண்டனி, வேற என்ன விழணும்னு இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல சின்னம்மா" என்று கவசத்தைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

ஒரு வருடத்துக்குப் பிறகு அன்னாள் மகனை நேராகப் பார்த்தாள். "கள்ளம் வைக்கச் சொன்னானா?"

"ஆமாம்மா."

"வச்சியா?"

"வைக்கலம்மா."

அவள் கையை நீட்டினாள். ராயப்பராஜ் மேடைக்கு ஓடிப்போய்ப் பகடையை எடுத்து வந்து அந்த உள்ளங்கையில் வைத்தார். அன்னாள் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு முகமாகத் தடவித் தடவிப் பார்த்தாள். வழவழவென்றிருந்தது. அழகா இருக்கு என்றெல்லாம் அவள் வாயில் வராது.

"வண்டிய எடு" என்றாள். "சின்னாளப்பட்டி வழியாப் போ. பை அங்க கெடக்கு."

அது சுற்று வழி. ராயப்பராஜ் அவ்வளவு வேகமாக வண்டி ஓட்டி கிளாரா பார்த்ததில்லை.

இப்போது மொட்டைமாடியில் ஒரு பக்கம் பகடையும் மறுபக்கம் மோர்மிளகாயும் காய்கின்றன. நடுவில் அன்னாள் சுண்ணாம்பில் கோடு கிழித்திருக்கிறாள். வழக்கு முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பெரிய வாரம் நெருங்கியதும் கோயிலில் புனிதர்களின் சுரூபங்களை ஊதாத் துணி போட்டு மூடுவார்களே, மறு வருடம் அந்த நாள் வந்ததும் அவள் அதே ஊதாவில் துணி எடுத்து, பிரிண்டருக்கு அளவெடுத்து, கீழே சுருக்கு வைத்துத் தானே தைத்து மூடிவிட்டாள். புனிதர்களுக்குக்கூட அவ்வளவு அளவாகத் தைத்த துணி இல்லை.

பகடைக்காகக் காத்திருந்த பெங்களூர்ப் பையன் போன் பண்ணினான். ஈஸ்டர் முடிந்துதான் அனுப்ப முடியும் என்றார் ராயப்பராஜ்.

"ஏன் சார், மிசின் ரிப்பேரா?"

"அதெல்லாம் இல்லப்பா. எங்கம்மா மூடி வச்சிருக்காங்க."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் இருந்த பெருமையை அந்தப் பையன் என்னவென்று எடுத்துக்கொண்டானோ தெரியாது.