ஆமென் சொல்லாதவள்

வேதமணிக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஓடுகிற தறிக்கூடத்துக்குச் சின்ன வயசிலேயே வேலைக்குப் போனவள். அந்தத் தறிச் சத்தத்துக்குள் பக்கத்தில் நிற்பவளிடம் ஒரு வாய் தண்ணீர் கேட்பதென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். கத்திக் கத்தி அதுவே குரலாகிப் போனது. புருஷன் தேவஇரக்கம் மில்லில் வாட்ச்மேன், வாயே திறக்காத மனுசன். "ரெண்டு பேருக்கும் உள்ளதை ஆண்டவர் ஒருத்திக்கே குடுத்துட்டாரு" என்று சபையில் கேலி பேசுவார்கள். அதற்கு அவரும் சிரிப்பார், சத்தம் வராமல்.

பிள்ளை குட்டி இல்லை. தறியை விட்டு இப்போது துணியைச் சுருட்டிப் பொட்டலம் கட்டுகிற பக்கம் வந்துவிட்டாள். அங்கேதான் ஒரு நாள், டீ குடிக்கிற நேரத்தில், கூட வேலை பார்க்கும் இந்து போனை நீட்டினாள்.

"யக்கா, நீங்க பெரிய ஆளாயிட்டிய. நெட்ல உங்க குரல் வருது."

வேதமணி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தாள். அவள் குரல்தான். சபையில் சாட்சி சொன்ன குரல். ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொல்வதைத்தான் அவர்கள் சாட்சி சொல்வது என்பார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி ஆராதனையோடு சேர்த்துப் பதிவு செய்தது. தன் குரல் இத்தனை இளசாக இருந்ததா என்று அவளுக்கே கொஞ்சம் பெருமை. அப்புறம் அந்தக் குரல் சொன்னது: "மகாராஜபுரம் யோகேஸ்வரியை ஆண்டவர் எங்க வீட்டுக்கு அனுப்புனாரு..."

வேதமணி சட்டென்று கையை நீட்டிப் போனை நிறுத்தினாள். மேலே என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும்.

"இதை யாரு போட்டா?"

"ஸ்ரீவில்லிபுத்தூர்ல சபைக் குரலெல்லாம் சேத்து வைக்காகள்லா, உங்க பிளஸ்ஸி வேலை பாக்குற இடம், அவியதான். அடுத்த வாரம் திறப்பு விழாவாம். இப்பமே கேக்கலாம்." இந்து திரையைத் தள்ளிக் காட்டினாள். "பேசுறதெல்லாம் எழுத்தாவும் வருது பாருங்க. ஊர்ப் பேரை அடிச்சாப் போதும், அந்த ஊரைப் பத்தி யார் பேசுனதோ எல்லாம் வந்து விழும். எங்க மாமியார் ஊரு மகாராஜபுரந்தான, சும்மா அடிச்சேன்."

சும்மா அடித்ததற்கே வந்து விழுந்திருக்கிறது. தேடிக்கொண்டிருக்கிற ஒருத்தன் அடித்தால்?

அந்த ஒருத்தனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். யோகேஸ்வரியின் புருஷன் சங்கிலிப்பாண்டி. குடித்தாலும் அடிப்பான், குடிக்காத அன்றைக்கும் அடிப்பான். ஒரு நாள் தோசைக்கரண்டியைக் காய்ச்சி அவள் கையில் வைத்து எடுத்தான். கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினாள். யாரைத் தேடி என்று அவளுக்கே தெரியாது. பஸ் ஸ்டாண்டில் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டுத் திரும்பிய வேதமணி, புண்ணைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை, வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் கேள்வி வரும், கேள்வி வந்தால் அவன் வருவான் என்று யோகேஸ்வரி நடுங்கினாள். அதனால் வேதமணி தான் வேலை பார்க்கிற கூடத்துப் பேண்டேஜ் துணியையே அவள் கையில் சுற்றி, தானே மருந்து போட்டு ஆற்றினாள்.

பொறவு அவளைத் தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற ஒரு இடத்தில் சேர்த்துவிட்டாள். மகாலட்சுமி என்று பேரை மாற்றிச் சொல்லச் சொன்னாள். சங்கிலிப்பாண்டி திருப்பூரில் தேடினான், சென்னையில் தேடினான். பக்கத்திலேயே இருப்பாள் என்று அவனுக்குத் தோன்றவில்லை. பஸ் ஸ்டாண்டில் பார்த்த யாரோ சொல்லி, ஒரு தடவை வேதமணி வீட்டு வாசலுக்கும் வந்து கத்திவிட்டுப் போனான். இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறான். மகள் இப்போது பெரிய வகுப்புப் படிக்கிறாள். தாயும் பிள்ளையும் நிம்மதியாகத் தூங்குவது அவன் காதுக்கு அந்த ஊர்ப் பேர் எட்டாத வரைக்கும்தான்.

அந்தச் சந்தோஷத்தைத்தான் வேதமணி அன்றைக்குச் சபையில் அடக்கமாட்டாமல் சொல்லிவிட்டாள். பேர், புதுப் பேர், ஊர், என்ன வேலை, அம்புட்டும். அது தப்பா என்றால் தப்பில்லை. கேட்டவர்கள் நூறு பேரும் அதை அந்தக் கட்டடத்துக்குள்ளேயே வைத்துவிட்டுப் போனார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு வாய் கூட வெளியே பேசவில்லை. சபை காத்த ரகசியத்தை ஒரு மெஷின் ஊருக்கெல்லாம் எழுதிப் போட்டுவிட்டது.

சூப்பர்வைசரிடம் வயிற்றைக் கலக்குகிறது என்று சொல்லிவிட்டு வேதமணி பஸ் ஏறினாள். அது பொய்யுமில்லை.

குரல்களைச் சேர்த்து வைக்கிற அந்தக் காப்பகம் என்பது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடி. கீழே ஜெராக்ஸ் கடை. மேலே ஏ.சி. போட்ட இரண்டு அறை, பழைய கேசட்டும் சிடியும் அடுக்கிய பீரோக்கள், காதில் ஹெட்போனோடு பிளஸ்ஸி. வேதமணியின் பக்கத்து வீட்டுப் பெண், நூலகப் படிப்புப் படித்தவள். அந்தச் சாட்சி சொன்ன காலத்தில் ஞாயிறு பள்ளியில் கலர் பென்சிலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தவள்.

"வாங்க அத்தை, என்ன திடீர்னு?"

"ஏட்டி, என் சாட்சியை எடு."

"எந்தச் சாட்சி? நீங்க சபையில உள்ள எல்லாரையும் விட அதிகமா சொல்லிருக்கிய."

"சிரிக்காத. யோகேஸ்வரி சாட்சி. இப்பவே எடு. பொறவு காரணம் சொல்லுதேன்."

அவள் முகத்தைப் பார்த்ததும் பிளஸ்ஸிக்குச் சிரிப்பு அடங்கியது. திரையில் அதைத் திறந்தாள். குரலுக்கு மேலேயே ஒரு குறிப்பு நின்றது: பேசுபவர் வேதமணி, பேச்சில் வருவோர் யோகேஸ்வரி, மகாலட்சுமி, வரும் ஊர்கள் மகாராஜபுரம், தளவாய்புரம். கம்ப்யூட்டரே பேர்களைப் பொறுக்கி எழுதியது. பிளஸ்ஸி முன்னும் பின்னும் கொஞ்சம் ஓடவிட்டு, சத்தம் சரியாக வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஏற்றியிருந்தாள்.

வேதமணி காரணத்தைச் சொன்னாள். அன்றைக்குத்தான் அவள் குரல் இறங்கிப் பேசியது. பிளஸ்ஸி அதற்குள் வெளியில் தெரிவதை அணைத்துவிட்டாள்.

"இப்ப யாருக்கும் தெரியாது அத்தை. சார்ட்ட சொல்லிருதேன்."

சார் என்பது ஐயாதுரை. நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கரையான் தின்ற ஏடுகளைக் கையில் அள்ளிக் குப்பையில் போட்ட காலத்தைப் பார்த்தவர். அழிகிறது என்ற சொல்லே அவருக்கு ஆகாது. உள்ளறையிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டார்.

"மறைச்சு வைக்கலாம்மா. தாராளமா. ஆனா அழிக்கச் சொல்லாதீங்க."

"அழிக்கத்தான் வந்திருக்கேன் சார். என் குரல்தான?"

"உங்க குரல்தான். ஆனா நீங்க சம்மதம் குடுத்திருக்கீங்களே."

அதுவும் உண்மைதான். போன வருஷம் அறுப்பின் பண்டிகை முடிந்த ஞாயிறு, போதகர் அறிவிப்பு வாசிக்கும்போது சொன்னார். புதுச் சட்டம் வந்திருக்கிறது, ஒருவர் குரலும் அவருடைய சொந்த விவரம், கேட்காமல் வெளியிடக்கூடாதாம். பழைய பதிவுகளைக் காப்பாற்றி உலகம் கேட்க வைக்கப் போகிறார்கள், சபையாருக்குச் சம்மதம்தானே என்றார். சபை மொத்தமும் "ஆமென்" என்றது. ஜெபத்தின் முடிவில் சொல்கிற பழக்கத்தில் பாதிப் பேர் சொன்னார்கள். வேதமணி எல்லாரையும் விடச் சத்தமாகச் சொன்னாள். அந்த ஆமெனையும் பதிவு செய்து சம்மதத்துக்கு ஆதாரமாக வைத்திருந்தார் ஐயாதுரை.

"நான் சொன்ன ஆமென் எனக்கு சார். யோகேஸ்வரிக்கு நான் எப்படி ஆமென் சொல்ல முடியும்? அவ நம்ம சபை கிடையாது. அவ கும்புடுறது அய்யனாரை. அவ அங்க இல்லவே இல்ல."

ஐயாதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சட்டத்துல ஆவணக் காப்புக்குன்னு விலக்கு இருக்கும்மா."

"சார், அது பாதுகாத்து வைக்கிறதுக்கு" என்றாள் பிளஸ்ஸி. "ஒருத்தியைக் காட்டிக்குடுக்கிறதுக்கு இல்ல. அதோட, சம்மதம் குடுத்தவங்க அதைத் திரும்ப வாங்கிக்கிடலாம்னும் அதே சட்டத்துல இருக்கு."

"எல்லாம் சரிம்மா. ஆனா சபையில இருந்த மெமரி கார்டு செத்துப்போச்சு. உலகத்துல நாங்க எடுத்து வச்சது மட்டுந்தான் மிச்சம். போச்சுன்னா போச்சு."

"போகட்டும்" என்றாள் வேதமணி. "எத்தனை இடத்துல இருக்கு இது?"

பிளஸ்ஸி தயங்கினாள். "இங்க ஒண்ணு. இன்னொரு டிஸ்க்கு சார் வீட்டுல, தீப்பிடிச்சா இருக்கட்டும்னு. மூணாவது வெளியூர்ல ஒரு சர்வர்ல."

"அம்புட்டையும் அழி. அழிக்கிற வரைக்கும் நான் இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்க மாட்டேன்."

உட்கார்ந்துவிட்டாள். ஐயாதுரைக்கு முன்னால் யாரும் அப்படி உட்கார்ந்ததில்லை.  

"அது சரி, இதுவரைக்கும் எத்தனை பேரு கேட்டிருக்காக?" என்றாள் வேதமணி.

பிளஸ்ஸி பார்த்தாள். "முப்பத்தி ஒண்ணு."

"அதுல சங்கிலிப்பாண்டி இருக்கானா?"

"தெரியாது அத்தை. கேக்குறது யாருன்னு நாங்க எடுத்து வைக்கல. அவங்க விவரத்தையும் நாங்க சேக்கக் கூடாதுன்னுதான் அப்படி வச்சோம்."

"நல்லாருக்கு" என்றாள் வேதமணி. "கேட்டவன் பேரைக் காப்பாத்திட்டிய. பேசப்பட்டவ பேரை ஊருக்கே விட்டுட்டிய."

பிளஸ்ஸி தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தபடியே சொன்னாள்: "அத்தை, யோகேஸ்வரி அக்காகிட்ட நாமளே சொல்லிருவோம். வேற யார் மூலமாவும் தெரியக் கூடாது."

வேதமணிக்கு அதுதான் எல்லாவற்றையும் விடப் பயம். என் வாயால்தான் நீ தப்பித்தாய், என் வாயால்தான் இப்போது மாட்டியிருக்கிறாய் என்று எப்படிச் சொல்வது? இரண்டு தடவை நம்பரைத் தப்பாக அழுத்தினாள். கடைசியில் பிளஸ்ஸி வாங்கி அழுத்திக் கொடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

தையல் மெஷின்களின் சத்தத்துக்கு நடுவில் யோகேஸ்வரி எடுத்தாள். "சொல்லுங்கக்கா. வேலை நேரத்துல கூப்பிடமாட்டியளே."

வேதமணி சொன்னாள். மறைக்காமல், சுற்றி வளைக்காமல். முப்பத்தொரு பேர் என்பதையும் சொன்னாள். அந்தப் பக்கம் மெஷின் சத்தம் தள்ளிப் போனது. யோகேஸ்வரி வெளியே நடந்து வந்திருக்க வேண்டும்.

"அக்கா, அதை நான் கேக்கலாமா?"

இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. பிளஸ்ஸி ஐயாதுரையைப் பார்த்தாள். "அவங்களைப் பத்தினது. அவங்க கேக்கத்தான் வேணும்" என்றார் அவர்.

ஓடவிட்டார்கள். முதலில் போதகரின் குரல், தேதி சொல்லி, ஸ்தோத்திர ஆராதனை என்று அறிவித்தது. அப்புறம் வேதமணி. வலது கை, முழங்கைக்குக் கீழே, தோசைக்கரண்டி அச்சு அப்படியே, தோல் துணியோடு ஒட்டிக்கிட்டு வந்துச்சு, வீட்டுக்கு வந்த பொறவு யாரு செஞ்சதுன்னு கேட்டேன், என் வீட்டுக்காரரு சங்கிலிப்பாண்டிதான்னு சொல்லி அழுதா. இளைய வேதமணி ஒன்றும் விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். மூத்த வேதமணி காதைப் பொத்திக்கொண்டாள்.

முடிந்தது. யோகேஸ்வரி அழுவாள் என்று நினைத்தார்கள். அவள் அழவில்லை.

"தேதி சொல்லியிருக்காகள்ல?"

"ஆமாக்கா, ஆரம்பத்துலயே" என்றாள் பிளஸ்ஸி.

"அப்ப அழிக்காதீங்க."

"ஏட்டி, என்ன சொல்லுத?" என்றாள் வேதமணி.

"ரெண்டு வருசத்துக்கு முந்தி, விவாகரத்துக்கு ஒரு வக்கீலைப் பாத்தேங்கா. உங்ககிட்டக் கூடச் சொல்லல. சூடு வச்சதுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கா, சாட்சி இருக்கான்னு கேட்டாரு. ஒண்ணும் இல்லன்னு வந்துட்டேன். அந்தச் சமயத்துலயே பேசுனது, தேதியோட, நூறு பேரு முன்னால பேசுனது ஒண்ணு இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வேதமணி சாட்சி, சாட்சி என்று வாழ்நாளெல்லாம் சொன்னவள். அந்தச் சொல்லுக்குக் கோர்ட்டிலும் ஒரு வேலை உண்டு என்பது அவள் நினைப்பில் இருந்ததே இல்லை.

"யாரும் கேக்கக் கூடாது" என்றாள் யோகேஸ்வரி. "நான் சொன்னாத்தான் திறக்கணும். எனக்குப் பொறவு என் மக சொன்னாத்தான். அப்படி வைக்க முடியுமா?"

"முடியும்மா" என்றார் ஐயாதுரை.  "பேர் தெரியாம, குறிப்பு தெரியாம, பூட்டி வைக்கிறோம். எழுத்தா வந்ததையும் எடுத்துருவோம்." அதற்குள் பிளஸ்ஸி அந்தக் குறிப்பிலிருந்த பேர்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த முப்பத்தொரு பேருல அவன் இருந்தா, இன்னைக்கோ நாளைக்கோ இங்க வந்து நிப்பான். பேரை மாத்திக்கிட்டு இன்னொரு ஊருக்கு நான் ஓடமாட்டேங்கா. பிள்ளை படிப்பு இருக்கு. நாளைக்குக் காலையிலேயே மகளிர் ஸ்டேஷனுக்குப் போறேன். வெறும் குரலை வச்சு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுவாக. குரலுக்கு உரிய ஆளு நேர்ல வரணும். வாரியளா?"

சபை முன்னால் சாட்சி சொல்வது வேறு. அங்கே முடிந்ததும் ஆமென் சொல்வார்கள். ஸ்டேஷனில் எதிரில் அவன் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு வேதமணியின் வீடும் தெரியும். வேதமணி நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"நாளைக்கு எதுக்கு? இப்பவே வாரேன். ராத்திரி நீயும் பிள்ளையும் தனியா இருக்க வேண்டாம்."

ராஜபாளையத்தில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல், தளவாய்புரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துதான் தேவஇரக்கத்துக்குப் போன் போட்டாள்.

"சோத்தை எடுத்துப் போட்டுச் சாப்பிடுங்க. நான் யோகேஸ்வரி வீட்டுக்குப் போறேன். கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கிடுங்க. யார் வந்து கூப்பிட்டாலும் திறக்காதீங்க, நான் எங்கன்னு கேட்டா வாயைத் திறக்காதீங்க."

"யாரு வருவா?"

"தெரியலங்க" என்றாள் வேதமணி. பஸ் கிளம்பிவிட்டது. ஏறுகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.