அம்மாவும் நானும் கழற்றிப் பூட்டிய வண்டி

ஸ்கூட்டரை சர்வீசுக்கு விட்டால் இப்போதெல்லாம் நம்மைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துவிடுகிறார்கள். போன சனிக்கிழமை தலவாக்கலையில் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். டீ கொடுத்தார்கள். தொலைக்காட்சி ஓடியது. என் வண்டியை என்னதான் செய்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கப் போனால், "மிஸ், உள்ளுக்கு வரக் கூடாதுங்க" என்று ஒரு தம்பி மறித்தான். திரும்பும்போது யாரோ கதவைத் திறந்தார்கள். மண்ணெண்ணெய் வாடை ஒரு வீச்சு வீசியது. பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது.

மண்ணெண்ணெய்க்கும் அம்மாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். ஆனால் ஒரு பருவத்தில் அவரைத் தொட்டாலே அந்த வாடைதான். மலையில் கணக்கப்பிள்ளை ஒருநாள் கூடையை மோந்து பார்த்துவிட்டு, "என்னாம்மா, கொழுந்துக்கு எண்ண ஊத்திக் கொண்டாறியா?" என்று சத்தம் போட்டாராம். அன்றிலிருந்து அம்மா விடிகாலையில் சாம்பலும் சவுக்காரமும் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வேலைக்குப் போனார்.

எல்லாம் ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிளால் வந்தது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் விறகுக் கொட்டிலில் அது சாய்ந்து நின்றது. அப்பாவுடைய வண்டி. நான் பாடசாலையில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனார். போகிற அன்று, "எஞ்சின் போச்சு. நெறைய வேல கெடக்கு. லீவுல வந்து நானே செஞ்சி எடுத்துக்கிறேன், யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். முதலில் மாதத்துக்கு ஒருமுறை வந்தார். பிறகு தீபாவளிக்கு மட்டும். பிறகு அதுவும் இல்லை. அங்கே அவருக்கு வேறொரு குடும்பம் இருப்பதாக லயத்தில் பேசிக்கொண்டார்கள். எங்கள் காதில் விழாத மாதிரி பேசுவதாக அவர்களுக்கு நினைப்பு.

அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வண்டியைத் துடைப்பார். மழைச் சாரல் படாமல், மலையில் இடுப்பில் கட்டுகிற பழைய படங்குச் சாக்கைப் போர்த்திவிடுவார். வண்டி இருக்கிறவரை அதை எடுக்க ஆள் வரும் என்று நினைத்தாரோ என்னவோ.

அப்படியிருக்க எனக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. அக்கரப்பத்தனைப் பக்கம், மேல்மலையில் இருந்த ஒரு சின்னப் பாடசாலை. வேலை கிடைத்த சந்தோஷம் முதல் வாரத்திலேயே காலில் இறங்கிவிட்டது. காலை பஸ் அந்தப் பக்கம் திரும்பும்போது பாடசாலையில் இரண்டாம் பாடம் நடந்துகொண்டிருக்கும். தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஏறினால் நேரத்துக்குப் போகலாம். ஆனால் சேலையெல்லாம் பனியும் அட்டையுமாகப் போய் நிற்கவேண்டும். அட்டையைப் பிய்த்துக்கொண்டே வகுப்புக்குள் நுழைகிற ஆசிரியையைப் பிள்ளைகள் எவ்வளவு மரியாதையோடு பார்ப்பார்கள் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். அதிபர் நல்ல மனிதர்தான். அவரே ஒருநாள் கூப்பிட்டு, "மிஸ், இப்புடியே பிந்தி வந்தா நான் மேல அறிவிக்க வேண்டி வரும். வேலைய விட்றாதீங்க, ஏதாச்சும் ஒரு வழி பாருங்க" என்றார்.

அதை வீட்டில் சொல்லி அழுதேன். அம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். தட்டி முடித்தார். அடுப்பை அணைத்தார். நேரே கொட்டிலுக்குப் போய்ப் படங்கை உருவிப் போட்டார்.

"வா பாப்பா. புடி."

"அப்பா தொடாதீங்கன்னு சொன்னாரேம்மா?"

"சொன்னவரு வரட்டும். நாம ஆரம்பிப்போம்."

இரண்டு பேருக்கும் வண்டியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பெட்ரோல் ஊற்றுகிற ஓட்டை. அம்மாவுக்கு ஒரு யோசனை இருந்தது. விறகுக் கட்டை ஒன்றில் சேலைத் துணியை விரித்து, "கழட்டுற வரிசையிலயே வையி. திரும்பி வர்றப்ப கடைசியில இருந்து வருவோம்" என்றார். மாலை மலையிலிருந்து வந்து கூடையை இறக்கியதும் ஒரு மணி நேரம் கொட்டில். ஞாயிறென்றால் முழுநாளும். இறுகிப்போன ஆணிக்கு அம்மா மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டு, அது இளகும்வரை உட்கார்ந்து வெற்றிலை போடுவார். அதிலே அவருக்கு அவசரமே கிடையாது. நான்தான் ஸ்பானரைத் தூக்கி எறிந்துவிட்டு, பிறகு புல்லுக்குள் தேடுவேன்.

பெட்ரோல் டாங்கிக்குள் துரு நிறைந்திருந்தது. உள்ளே சின்னக் கல்லும் மண்ணெண்ணெயும் போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்துக் காம்பரா வீட்டுப் பார்வதி அக்கா ஓடிவந்து, "என்னா, திருழாவுக்கு ஒத்திகையா?" என்றார். அம்மா சிரித்தார். பல வருஷங்களுக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தார். சிரிப்பில் பிடியை விட்டுவிட, டாங்கி என் கால்மேல் விழுந்தது. அந்த நகம் இன்றுவரை கோணல்தான்.

கழற்றியதில் கார்பரேட்டரையும் பிளக்கையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு தலவாக்கலைக்கு பஸ் ஏறினோம். அங்கே உதிரிப்பாகக் கடை வைத்திருந்தவரை எல்லாரும் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். எஞ்சினுக்கு என்னென்ன வாங்க வேண்டுமோ என்ற பயத்தோடு அம்மா பையை நீட்டினார். நானா கார்பரேட்டரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். உள்ளே இருந்த பித்தளைத் துண்டைக் கழற்றி, மெல்லிய கம்பியொன்றால் அதன் ஓட்டையைக் குத்தி ஊதினார்.

"அடச்சிருக்கி. அவ்வளவுதான் புள்ள. பிளக் ஒண்ணு புதுசு போடுங்க."

"எஞ்சின் போச்சின்னாரே எங்க வீட்டுல?" என்றார் அம்மா.

"எஞ்சின்ல என்ன கோளாறு? இதுக்கா இவ்வளவு காலம் நிப்பாட்டி வெச்சீங்க? நின்ன அண்டைக்கே கொண்டு வந்திருந்தா அரை நாள் வேலை."

அம்மா புது பிளக்குக்குக் காசைக் கொடுத்தார். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். எங்கள் தோட்டத்து வளைவு வந்தபோதுதான் வாய் திறந்தார்.

"எஞ்சின் நல்லாத்தான் இருந்திருக்கு, பாப்பா."

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பூட்டி முடித்தபோது, ஒரு ஆணி மிச்சமாகி, அது எங்கே போகவேண்டியதென்று நான் குழம்பி நிற்க, "அது இல்லாமயும் ஓடும், மிதி" என்றார். மிதித்தேன். மிதித்து மிதித்துக் கால் சோர்ந்து, கடைசியில் வண்டி இருமி, வெள்ளைப் புகையைக் கக்கி, உயிர் பிடித்தது. லயமே வெளியே வந்துவிட்டது. அம்மா சத்தத்துக்குப் பயந்து இரண்டடி பின்னால் போனார். பிறகு முன்னால் வந்து, எஞ்சின் சூட்டை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தார், காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி.

மைதானத்தில் விழுந்து எழும்பிப் பழகினேன். லைசன் எடுத்தேன். பிறகு ஒருநாளும் பாடசாலைக்குப் பிந்தவில்லை.

அந்த வருஷக் கடைசியில் அப்பா வந்தார். நான் பாடசாலையில் இருந்தேன். நடந்ததைப் பார்வதி அக்காதான் பின்னால் சொன்னார். அப்பா வாசலில் நின்று, "வண்டி ஓடுதாமே" என்றாராம்.

"ஓடுதுங்க."

"எடுத்துட்டுப் போகலாமின்னு வந்தேன்."

"அது ஸ்கூலுக்குப் போயிருக்கு."

அப்பா, "எத்தன மணிக்கு வரும்?" என்று கேட்டாராம். "வரும், திரும்பியும் காலையில போகும்" என்று சொல்லிவிட்டு, அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தாராம், சீனி அளவு மறக்காமல்.

நான் வந்தபோது அவர் படியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். திட்டவேண்டுமென்று எத்தனையோ சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால், "ஏறுங்கப்பா" என்றேன். சந்திவரை என் பின்னால் உட்கார்ந்து வந்தார். பனி இறங்கிவிட்டது. வளைவுகளில் அவர் கை என் தோளைப் பிடிக்க வந்து, பிடிக்காமல் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. இறங்கியதும் ஹாண்டிலை ஒருமுறை தொட்டார். "நல்லா ஓட்டுற. எறக்கத்துல மட்டும் மெதுவா போ" என்றார். பஸ் வந்தது. அதன்பிறகு அவர் வரவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதைச் சொன்னபோது, "பஸ்ஸுல எடம் கெடச்சிச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த வண்டி இன்னும் பல வருஷம் உழைத்துவிட்டு, ஒரு மழைக்காலத்தில் பழைய இரும்போடு போய்ச் சேர்ந்தது. லயத்தை இடித்துவிட்டார்கள். கொட்டில் நின்ற இடத்தில் யாரோ லீக்ஸ் பாத்தி போட்டிருக்கிறார்கள். மேல்மலைப் பாடசாலை வாசல்வரை இப்போது வேன் போகிறது. எனக்குப் பின்னால் வந்த ஆசிரியைகளுக்கு அட்டைக்கடி என்றால் என்னவென்றே தெரியாது, நல்லதுதான்.

அந்தச் சிவப்பு வண்டி கீழே ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போதே எங்கள் லயத்துக்குச் சத்தம் கேட்கும். மற்றவர்களுக்கு அது ஏதோ ஒரு பைக். அம்மா அது என் வண்டிச் சத்தம் என்று கண்டுகொண்டு அடுப்பில் கேத்தலை வைத்துவிடுவார். வண்டியை நிறுத்திச் செருப்பைக் கழற்றும்போது தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். இப்போது ஓட்டுகிற ஸ்கூட்டருக்குச் சத்தமே இல்லை. அம்மா போய் இரண்டு வருஷமாகிறது. பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, பிறகுதான் தண்ணீர் வைக்கிறேன்.