அத்தானுக்குக் கேட்ட பசூன்

ஃபோன் திரையில் நிறைய வயலின் தெரிந்தால் அது வயலின் கச்சேரிதான் என்று நம்பும் அளவுக்குத்தான் எனக்குச் சங்கீத ஞானம். நடுவில் ஒருவர் ஆளுயர மரக்குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். குழாய் ரிப்பேருக்கு வந்தவர் கேமராவில் மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். அந்தக் குழாயின் பெயர் பசூன், கச்சேரியே அவருடையது, வயலின்கள் துணைக்கு, முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பாவின் பரோக் காலத்துக் கான்செர்ட்டோ என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

அந்த வீடியோவை அத்தானுக்குக் காட்டவென்றே ராஜபாளையத்தில் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் காலமெல்லாம் ஸ்பின்னிங் மில் இரைச்சலுக்குள் நின்றவர். ரிட்டயரான பிறகு அவருக்கென்று மிச்சமிருந்தது, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிக்கும் வயலின் ஒன்றுதான். அந்த வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவோம். மில்காரர் வீடுகளில் வழக்கம்தானே என்று நானும் இருந்துவிட்டேன்.

ஃபோனை அவர் கையில் கொடுத்தேன். வயலின்கள் ஒன்றாகத் தொடங்கின. அறை நிறைந்தது.

"ஏலே, இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றார் அத்தான்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். "சம்பளப் பாக்கியாம் அத்தான். வந்தாத்தான் வாசிப்பாவளாம்."

சிரித்தார். செத்த நேரத்தில் பசூன் அடிக்குரலில் புகுந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"இந்தா வந்துட்டான்லே! ஆம்பள பேசுத மாதிரில்ல இருக்கு. வயலின்லாம் எப்ப வரும்?"

நான் அடுத்த ஜோக்கைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் திரையை உற்றுப் பார்த்தார். எல்லா வில்லும் ஒன்றாக ஏறி இறங்கின. சத்தத்தைக் கூட்டினார். அது ஏற்கெனவே முழுசாக இருந்தது.

ஃபோனை வைத்துவிட்டு, தன் வயலினை எடுத்துத் தாடையில் இடுக்கி வாசித்தார். தலையாட்டினார். பிறகு மடியில் கிடத்தி, அதே மெட்டை வாசித்தார். எனக்குத் தெளிவாகக் கேட்டது. ஓரிடத்தில் சுருதி விலகியதும் கேட்டது. அவர் குனிந்து, வில்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இம்புட்டு நாளும் காதுல இல்ல, தாடையிலதாம்லே கேட்டுருக்கேன்" என்றார். அக்காவைப் பார்த்து, "சர்ச்சுல நான் வாசிக்கது எப்பிடிட்டி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் அக்கா, நறுக்கிக்கொண்டிருந்த பீன்ஸிலிருந்து தலையைத் தூக்காமல். அவள் கத்திச் சொல்லவில்லை. அவர் அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

அடுத்த ஞாயிறு அவர் வாத்தியக்காரர்களோடு உட்காரவில்லை. சபையோடு சபையாகக் கடைசிப் பெஞ்சில் இருந்தார். வயலின் பீரோ மேலே ஏறிவிட்டது.

ஆறுதல் சொல்லலாம் என்று போனவனை அக்கா வாசலிலேயே மறித்தாள்.

"அவியளுக்குக் காது போயிட்டுன்னு சபைக்கே தெரியும்லே. அவியளுக்கு மட்டுந்தான் தெரியாம இருந்துச்சு. இனிமே இங்க வந்தா வெறுங்கைய வீசிக்கிட்டு வா."