பங்கு வைத்த மாத்திரை

போன வாரம் விருதுநகரில் ஒரு கல்யாணம். மணப்பெண் தண்ணீர் கேட்டாள். "சேலையக் கட்டியாச்சு. இனி தண்ணியக் குடிச்சுட்டு எந்திரிச்சு எந்திரிச்சுப் போவியாக்கும்?" என்று தடுத்தார் அவள் சித்தி. நான் சும்மா இருப்பேனா? ஒரு செம்புத் தண்ணீரை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பட்டவள் ஆயிற்றே!

அறுபதுகளில் சிவகாசிப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீசில் பெண்கள் வரிசையில் உட்கார்ந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். (ஆபீஸ் என்றதும் மேஜை நாற்காலியை நினைத்துவிடாதீர்கள் — எங்கள் ஊரில் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர்.) கக்கூஸ் கிடையாது. விடிவதற்கு முன்னால் காட்டுப்பக்கம் போனால், அப்புறம் இருட்டிய பிறகுதான். அதனால் பகல் முழுக்கத் தண்ணீரே குடிக்க மாட்டோம். அதில் ஒரு பெருமை வேறு!

எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. கூடவே நீர்க்கடுப்பும் வந்தது. அய்யோ, அந்த எரிச்சல்... தாலி கட்டும் நேரத்தில் மணவறையை விட்டு எழுந்து ஓடும்படி ஆகிவிட்டால்? பயத்தில் அழுதேவிட்டேன்.

என்னோடு அதே ஆபீசில் வேலை பார்த்த என் அண்ணன் மனைவி செல்லத்தாயி மதினிதான் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார். மாத்திரை கொடுத்தார்கள். எரிச்சல் குறைந்தது. திரும்ப வந்தது. மறுபடி மாத்திரை... மறுபடி எரிச்சல்.

"மாத்திரைய முழுசாச் சாப்பிட்டியா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

நான் திருதிருவென்று விழித்தேன். மதினி முந்திக்கொண்டார். "அதெப்படி டாக்டரம்மா இவ மட்டும் திங்கிறது? எங்க வரிசையில அம்புட்டுப் பேருக்கும் இதே கடுப்புதான். ஆளுக்குக் கொஞ்சம் பங்கு வச்சுட்டோம்ல!"

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்து, பாதியிலேயே சிரிப்பாக மாறிவிட்டது. "பங்கு வைக்க அது என்ன முறுக்கா? ஒருத்திக்கும் முழுசாக் குணமாகல பாரு. எல்லாரும் கிளம்பி வாங்க. அவங்கவங்க மாத்திரைய அவங்கவங்களே முடிக்கணும். தண்ணி நிறையக் குடிக்கணும். அடக்கவே கூடாது."

"அது சரி... எங்கன போறது?" என்றார் மதினி.

மறுநாள் எங்கள் வரிசை மொத்தமும் முதலாளி முன்னால் போய் நின்றது. மதினி பேசினார்: "மொதலாளி, பின்பக்கம் எங்களுக்கு ஒரு மறைப்புக் கட்டித் தாங்க. இல்லேன்னா வேலை நேரத்துலயே காட்டுக்குப் போயிட்டு வாரோம். போக வர எம்புட்டு நேரமாகும்னு நீங்களே பாத்துக்கோங்க!"

முதலாளி வாசலில் அனுப்பக் காத்துக் கிடந்த தீப்பெட்டி லோடைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். சாயந்திரமே ஓலைத்தட்டி வந்து இறங்கிவிட்டது! அதற்கப்புறம் ஆபீஸ் பானையில் மத்தியானம் வரை தண்ணீர் தங்கியதே இல்லை.

மாத்திரையை ஒழுங்காக முடித்தேன். கடுப்பு போயே போச்சு. கல்யாணத்தன்று கெட்டிமேளம் அடங்குவதற்குள் கூட்டத்திலிருந்து மதினியின் குரல்: "ஏத்தா, தண்ணி குடிச்சியா?" மாப்பிள்ளை திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் வரிசைப் பெண்கள் அத்தனை பேரும் பேசி வைத்தாற்போல் செம்புதான் பரிசாகக் கொண்டுவந்திருந்தார்கள்.

அதில் ஒன்றைத்தான் போன வாரம் அந்த மணப்பெண்ணுக்குக் கல்யாணச் சீராகக் கொண்டுபோயிருந்தேன். தண்ணீரோடு அவள் கையில் கொடுத்தேன். எதை வேண்டுமானாலும் பங்கு வையுங்கள் தாயிகளா... மாத்திரையை மட்டும் வேண்டாம்!