தேத்தண்ணியோ, கோப்பியோ

எனக்கு விடுப்புக் கூட. அடுத்த வீட்டுக்கு யார் வந்தது, எதற்கு வந்தது, சாப்பிட்டுப் போனார்களா என்பதெல்லாம் தெரியாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. "உனக்கு விடுப்புப் பாக்காட்டில் சோறு செமிக்காது" என்று என் கணவர் சொல்வார். அப்படிப்பட்ட என்னை, யாரிடமும் எதையும் கேட்கக் கூடாது என்பதையே சட்டமாக வைத்திருக்கும் ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

மல்கிரேவில் எங்கள் வீட்டிலிருந்து காரில் ஏறினால் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடக்கூடிய ஆங்கிலிக்கன் தேவாலயம் அது. அதன் மண்டபத்தில் வியாழக்கிழமைகளில் இலவசமாக உணவுப் பொருட்கள் கொடுப்பார்கள். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கணவரோடு ரிமோட்டுக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்த காலம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெண்மணி, "சும்மாதானே இருக்கிறாய், வா" என்று ஒருநாள் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். நான் சைவக்காரி, வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். தேவாலயத்தில் உனக்கென்ன வேலை என்று கேட்டால் என்ன சொல்வது என்று வழி முழுக்க யோசித்துக்கொண்டு போனேன். ஒருவரும் கேட்கவில்லை. ஓர் ஏப்ரனைக் கையில் தந்து, அழுகின வெங்காயத்தைப் பிரித்தெடுக்கச் சொன்னார்கள். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

அங்கே ஜீன்ஸ் போட்டுக்கொண்டு அரிசி மூட்டை தூக்கிய ஒரு பெண்ணின் கழுத்தில் குருமாரின் வெள்ளைப் பட்டி இருந்தது. குருவானவரின் மனைவிக்கு இது என்ன வேஷம் என்று நினைத்தேன். பார்த்தால் அவர்தான் குருவானவர். வீட்டில் யார் சமைக்கிறது, புருஷன் ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் இருந்து பிரசங்கம் கேட்பாரா என்று எனக்குள் கேள்விகள் முண்டியடித்தன. அவர் முந்திக்கொண்டார். "இங்கே வருகிறவர்களிடம் பெயர், நாடு, விசா, வேலை எதுவும் கேட்பதில்லை. தேநீரா கோப்பியா என்று மட்டும் கேட்கலாம்" என்றார். பிறகு, "இந்தப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. கஷ்டப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இங்கே வருவதில்லை. உங்கள் முகத்தைக் கண்டால் வருவார்கள்" என்று என்னை வாசல் மேசையில் நிறுத்தினார்.

கேட்கக் கூடாதென்றால் பார்க்கவும் கூடாதா? நான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு கிழவர் பூனைச் சாப்பாடு மட்டும் எடுப்பார், வேறு எதையும் தொடமாட்டார். அவரிடம் பூனை இருக்கிறதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஓர் ஆப்கான் பெண்மணி பாஸ்தாவை ஒவ்வொரு பக்கெற்றாக உயர்த்தி வெளிச்சத்தில் பார்த்துத்தான் பைக்குள் வைப்பார். அவர் ஆப்கான் என்பதுகூட அவரே சொல்லித் தெரிந்தது. நான் கேட்கவில்லை, சத்தியமாக.

ஒரு வியாழன், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு தமிழ்ப்பிள்ளை வாசலுக்கு வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். வண்டியின் கைப்பிடியில் வெறும் பைகள் மடித்துத் தொங்கின. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. "ஊரில எவடம் பிள்ளை?" என்று தொண்டை வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "வாங்கோ, வாங்கோ" என்று மட்டும் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "Sorry, இடம் மாறி வந்திட்டன்" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போயே போய்விட்டாள். குழந்தையின் ஒரு காலுறை வாசலில் விழுந்து கிடந்தது. எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் திரும்பியே பார்க்கவில்லை.

எனக்கு மண்டை காய்ந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லையே! பைகளோடு வந்தவள் இடம் மாறியா வந்திருப்பாள்? சிலுவையைக் கண்டு பயந்தாளோ? இராத்திரி கணவரிடம் சொன்னபோது, "உன்ர முகத்திலயே கேள்வி எழுதிக் கிடக்கும்" என்றார்.

அதற்குப் பிறகுதான் ஆப்கான் பெண்மணியின் பை இரண்டானது. முதல் பைக்கு வழக்கம்போலப் பாஸ்தா. இரண்டாவது பைக்கு மைசூர்ப் பருப்பு, தேங்காய்ப்பால் டின், டின்மீன். அவருடைய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வயது, ஆனால் இரண்டாவது பைக்குள் கைக்குழந்தைக்குக் கட்டுகிற நப்பியும் போயிற்று. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு ஒருநாள், வீட்டில் குளிருக்குள் பொத்திப் பொத்தி வளர்க்கும் கறிவேப்பிலையில் நாலு கொத்து ஒடித்துக்கொண்டுபோய் மேசையில் வைத்தேன். வேண்டுமென்றுதான் வைத்தேன். அவர் நாலையும் அள்ளினார். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"இதை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் ஒரு கணம் இலையைப் பார்த்தார். "தேநீர்" என்றார்.

கறிவேப்பிலையில் தேநீர்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த இரண்டாவது பை தள்ளுவண்டிப் பிள்ளையின் குசினிக்குத்தான் போகிறது என்று அந்தக் கணமே பிடிபட்டுவிட்டது. பிள்ளை பட்டினி இல்லை என்பதில் ஒரு நிம்மதி. ஆனால் பக்கத்து வீடோ என்னவோ, இந்த ஆப்கான் பெண்மணி நினைத்து எடுத்துக் கொடுப்பதைத்தானே அவள் சமைக்க வேண்டும்? இவருக்கு ஒரு வியாழன் வர முடியாமல் போனால்? ஏன் அவளே வரவில்லை? ஆப்கான் பெண்மணிக்குப் பின்னால் போய் அவளுடைய வீட்டைப் பார்த்துவிட்டு வருவோமா என்று கணவரைக் கேட்டேன். "பொலிஸ் பிடிச்சால் நான் வந்து எடுக்க மாட்டன்" என்றார். போகவில்லை.

விடை கோயிலில் கிடைத்தது. அந்த வெள்ளி பூசை முடிந்து அன்னதான வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் என் சிநேகிதி. விடுப்பில் நானெல்லாம் அவளுக்குப் பக்கத்தில் வரமாட்டேன். கோயிலில் தட்டை நீட்டிக்கொண்டு நிற்க ஒருவரும் வெட்கப்படுவதில்லை. டொக்டரும் நிற்பார், வேலை இல்லாதவரும் நிற்பார். அந்த வரிசையில் கொஞ்சம் முன்னே அந்தத் தள்ளுவண்டிப் பிள்ளை நின்றாள். நல்ல சேலை, தலையில் பூ, இடுப்பில் குழந்தை. பக்கத்தில் நின்ற நாலைந்து பெண்களோடு சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள், என்னைக் கண்டாள். அப்படியே முகம் செத்துப்போயிற்று.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் சிலுவைக்குப் பயப்படவில்லை. என்னைக் கண்டுதான் ஓடினாள். வியாழன் கண்டவளை வெள்ளியும் காண வேண்டிவரும், அவளுடைய வெறும் பை என் வாயால் கோயில் முழுக்க உலாப்போகும் என்று பயந்திருக்கிறாள். அவளை வரவைக்க என்று குருவானவர் நிறுத்திவைத்த ஆளே அவளுடைய வழியை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

சிநேகிதி என் முதுகில் சுரண்டினாள். "ஆரப்பா அந்தப் பிள்ளை? உன்னைக் கண்டிட்டு முழிக்குது. தெரியுமோ?"

என் கையில் இருந்தது சாதாரண விடுப்பா? ஒரு மாதத்துக்குக் கதைக்கலாம். அந்தப் பிள்ளையின் காது எங்கள் பக்கம் இருந்தது எனக்குத் தெரிந்தது.

"தெரியாது" என்றேன், அவளுக்குக் கேட்கிற மாதிரி. "இப்பதான் பாக்கிறன்."

"நீ ஒரு ஆளைத் தெரியாதெண்டு சொல்லி இண்டைக்குத்தான் கேக்கிறன்" என்றாள் சிநேகிதி. அவள் தட்டில் பருப்பு விழுந்ததும் கதை அதோடு நின்றது.

அடுத்த வியாழன், இனி வாசல் மேசை வேண்டாம், குசினிக்குள் நின்று கோப்பை கழுவுகிறேன் என்று குருவானவரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. அந்தச் சட்டம் எனக்கும் சேர்த்துத்தான் போலும். குசினியிலிருந்து மண்டபத்துக்குத் தேநீர் கொடுக்க ஒரு சின்ன ஜன்னல் உண்டு. கை முழுக்கச் சவர்க்கார நுரையோடு நின்றபோது அந்த ஜன்னலில் முதலில் ஆப்கான் பெண்மணியின் முகம் தெரிந்தது. அவர் சிரித்துக்கொண்டே விலக, பின்னால் தள்ளுவண்டியோடு அவள். கைப்பிடியில் அதே பைகள். இந்தமுறை ஒரு பை நிறைந்திருந்தது.

எத்தனை கேள்வி என் நாக்கில் வந்து நின்றது என்பது கடவுளுக்குத்தான் தெரியும். கையைத் துடைத்துக்கொண்டேன்.

"தேத்தண்ணியோ, கோப்பியோ?"

"தேத்தண்ணி, அன்ரி."

ஊற்றிக் கொடுத்தேன். ஏப்ரன் பைக்குள் நான் வைத்துக்கொண்டே திரிந்த காலுறையையும் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் அதை எடுத்து, குழந்தையின் காலோடு வைத்துப் பார்த்தாள். கால் வளர்ந்துவிட்டிருந்தது. சிரித்தாள். வாங்கிக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன், போகவில்லை. ஒரு வாய் குடித்தாள்.

"அன்ரி ஊரில எவடம்?"

அந்த மண்டபத்தில் கால் வைத்த நாளிலிருந்து என்னிடம் ஒருவரும் கேட்காத கேள்வி. "உள்ளுக்கு வாரும், சொல்லுறன்" என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். ஊரில் தொடங்கி, வந்த கதை, வேலை செய்த கதை, பிள்ளைகளின் கதை என்று சொல்லிக்கொண்டே போனேன். கழுவாத கோப்பைகள் குவிந்துவிட்டன. அவள் எழும்பி, என்னோடு சேர்ந்து துடைத்து அடுக்கிவிட்டுத்தான் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "பிறகென்ன, அந்தப் பிள்ளை எவடமாம்?"

"கேக்கேல்லை" என்றேன்.

அவர் இன்னும் நம்பவில்லை.